இரண்டு ஊராட்சிகள் சேர்ந்து ஒரு சாலை போடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டுக் கிராமங்களில் வண்டி ஓட்டுகிற யாருக்கும் இது பழகின இடம்தான். தார்ச்சாலை நன்றாக வந்துகொண்டிருக்கும். திடீரென்று கோடு கிழித்த மாதிரி தார் நின்றுவிடும். அதற்கப்புறம் ஜல்லி பெயர்ந்த பாதை, நடுவில் ஒரு ஓடை, ஓடைக்கு அந்தப்பக்கம் அடுத்த ஊராட்சியின் பெயர்ப்பலகை. பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளைகளும் பால் கேன் கட்டின வண்டிகளும் கரும்பு ஏற்றின டிராக்டரும் அந்தக் கொஞ்ச தூரத்தைத் தள்ளாடித்தான் கடக்க வேண்டும். இந்தப் பக்கம் கேட்டால் “அது அவங்க எல்லை” என்பார்கள். அந்தப் பக்கம் கேட்டாலும் அதே பதில்தான்.

ஒவ்வோர் உள்ளாட்சியின் பணமும் அதனதன் எல்லையோடு நின்றுவிடுவதுதான் காரணம். ஆனால் சேர்ந்து செலவழிக்கச் சட்டம் தடை சொல்லவில்லை. 1994-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தில், பொதுவான வேலைக்கு உள்ளாட்சிகள் சேர்ந்து கூட்டுக்குழு அமைக்கவே இடமிருக்கிறது. என் அனுபவத்தில் கூட்டுச் சாலைகள் பணமே இல்லாமல் நின்றதைவிட, யார் எவ்வளவு, எப்போது, எந்தக் கணக்கில் கட்டுவது என்று முன்னாலேயே எழுதி வைக்காததால் நின்றதுதான் அதிகம். அதனால் இந்த வழிகாட்டியில் அந்த வரிசைக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன். வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், செயலர், ஊர் இளைஞர்கள் என யார் முன்னெடுத்தாலும் வழி இதுதான்.

படி 1: சாலை யாருடையது என்று கண்டுபிடியுங்கள்

ஊருக்குள் ஓடும் சாலை எல்லாமே ஊராட்சியுடையது இல்லை. தேசிய, மாநில நெடுஞ்சாலைகளும் மாவட்டச் சாலைகளும் நெடுஞ்சாலைத் துறையினரிடமோ தேசிய நெடுஞ்சாலை ஆணையத்திடமோ இருக்கும். ‘ஊராட்சி ஒன்றியச் சாலை’ என்று வகைப்படுத்தியவை ஒன்றியத்தின் பொறுப்பு. மற்ற பொதுச் சாலைகள் கிராம ஊராட்சிக்கு வரும். ஒன்றிய அலுவலகத்தில் சாலைப் பதிவேடு இருக்கிறது. அதில் உங்கள் சாலையின் பெயர், நீளம், வகை எல்லாம் எழுதியிருக்கும். முதல் வேலையாக அந்தப் பக்கத்தின் நகலை வாங்குங்கள்.

இதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. இரண்டு ஊராட்சிகளும் ஒரே ஒன்றியத்தில் இருந்து, சாலையும் ஒன்றியச் சாலையாக இருந்தால், ஒன்றியமே வேலையை எடுத்துச் செய்யும். ஊராட்சிகள் பங்கு கொடுத்தால் போதும். இரண்டும் ஊராட்சிச் சாலைகளாக இருந்து நடுவில் சேர்ந்தால், ஒன்றியத்தை வேலை செய்யும் அமைப்பாக வைத்துக்கொள்வது நல்லது, பொறியாளர் இருப்பது அங்கேதான். ஊராட்சிகள் வேறு வேறு ஒன்றியங்களில் இருந்தால் மாவட்ட ஊரக வளர்ச்சி முகமையின் திட்ட இயக்குநரிடம் போக வேண்டும். மாவட்ட எல்லையே நடுவில் வந்தால் இரண்டு ஆட்சியர்களும் பேச வேண்டும். அதற்கு நாள் பிடிக்கும், ஆனால் நடக்காத காரியம் இல்லை.

படி 2: நிலத்தைப் பாருங்கள்

காலங்காலமாக எல்லோரும் நடக்கிற பாதைதானே என்று நினைத்துவிடாதீர்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் ‘அ’ பதிவேட்டையும் (நிலத்தின் வகையும் உரிமையாளரும் எழுதியிருக்கும்) புலப்படத்தையும் (நில அளவை வரைபடம்) கேட்டு, பாதை முழுவதும் பாதைப் புறம்போக்காகவோ வண்டிப்பாதையாகவோ பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். நடுவில் ஒரு துண்டு பட்டா நிலமாக இருந்தால், உரிமையாளர் வாயால் “போட்டுக்குங்க” என்று சொன்னது போதாது. அந்தத் துண்டை ஊராட்சியின் பெயருக்குத் தானப்பத்திரமாகப் பதிவு செய்து வாங்க வேண்டும். அவர் மனம் மாறினாலோ, நிலம் வேறு கைக்குப் போனாலோ, பாதி போட்ட சாலையில் முள் வெட்டிப் போட்டுவிடுவார்கள். ஓடையோ வாய்க்காலோ குறுக்கே வந்தால் நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று வேண்டும். காட்டு நிலமாக இருந்தால் வனத் துறை அனுமதி இல்லாமல் எதையும் தொடங்காதீர்கள்.

எல்லைக்கல் எங்கே இருக்கிறது என்று சர்வேயரை வைத்து இரண்டு ஊர்க்காரர்கள் முன்னால் அளந்துவிடுங்கள். பிறகு பங்கு பிரிக்கும்போது இந்த அளவுதான் அடிப்படை.

படி 3: எந்தப் பணம் எதற்கு ஆகும்

உள்ளாட்சியிடம் இருக்கும் எல்லாப் பணத்தையும் சாலையில் போட முடியாது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கட்டுப்பாடு உண்டு.

ஊராட்சியின் சொந்த வருமானம், அதாவது வீட்டு வரி, தொழில் வரி, குத்தகை, கட்டணங்கள். இதுதான் கட்டுப்பாடு குறைந்த பணம். பல ஊர்களில் இது சின்னத் தொகை. ஆனால் கூட்டு வேலையில் சொந்தப் பணம் கொஞ்சமாவது வைக்கிற ஊராட்சியின் பேச்சுக்கு மதிப்பு அதிகம்.

மாநில நிதிக்குழு மானியம். மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 சதவீதம் உள்ளாட்சிகளுக்குப் பிரித்துத் தரப்படுகிறது. கிராம ஊராட்சி, ஒன்றியம், மாவட்ட ஊராட்சி மூன்றுக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் மின் கட்டணம், குடிநீர்க் கட்டணம், சம்பளம் போன்ற தவிர்க்க முடியாத செலவு போகத்தான் சாலைக்கு மிஞ்சும்.

மத்திய நிதிக்குழு மானியம். 2021–26 காலத்துக்கான 15-ஆவது நிதிக்குழு, கிராம உள்ளாட்சிகளுக்கான மானியத்தில் 60 சதவீதத்தைத் துப்புரவுக்கும் குடிநீருக்கும் என்று கட்டிவிட்டது. மீதி 40 சதவீதம் கட்டுப்பாடு இல்லாத மானியம். சாலை, சிறுபாலம், பாலம் ஆகியவை அரசமைப்புச் சட்டத்தின் பதினோராவது அட்டவணையில் உள்ள 29 துறைகளில் வருவதால், இந்த 40 சதவீதத்தைச் சாலைக்கு எடுக்கலாம் என்று இருந்தது. குடிநீர்ப் பங்கை எடுத்துச் சாலையில் போட்டால் தணிக்கையில் மாட்டுவீர்கள். 2026 ஏப்ரல் முதலான அடுத்த நிதிக்குழுவின் காலத்தில் விகிதமும் நிபந்தனையும் மாறியிருக்கலாம், நடப்பு ஆண்டின் அரசாணையைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

இந்த மானியத்தில் பெரும்பகுதி கிராம ஊராட்சிக்கும், சிறுபகுதி ஒன்றியத்துக்கும் மாவட்ட ஊராட்சிக்கும் போகிறது. மாவட்ட ஊராட்சிக்குச் சொந்தச் சாலை இல்லை என்பதால் பலர் அந்தக் கதவைத் தட்டுவதே இல்லை. இரண்டு ஒன்றியங்களைச் சேர்க்கிற சாலைக்கு மாவட்ட ஊராட்சி உறுப்பினரிடம் கேட்பது மிகவும் பொருத்தம். இரண்டு பக்க ஓட்டும் அவருடைய வார்டில் இருக்க வாய்ப்பு உண்டு.

சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய், நாடாளுமன்ற உறுப்பினர் நிதி 5 கோடி. கேட்கிற ஊர்கள் நிறைய. முழுச் சாலைக்கும் கேட்பதைவிட, “மீதிப் பணம் தயாராக இருக்கிறது, இந்தச் சிறுபாலத்துக்கு மட்டும் கொடுங்கள், சாலை முடிந்துவிடும்” என்று இரண்டு ஊராட்சித் தீர்மானங்களையும் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். அப்படிக் கேட்ட கோரிக்கை நகருவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

நமக்கு நாமே திட்டம். மக்கள் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும். ஊரகப் பகுதியில் மக்கள் பங்கு குறைந்தது மதிப்பீட்டில் மூன்றில் ஒன்று. ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடியிருப்புகளுக்கு ஐந்தில் ஒன்று. வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் ஊர்க்காரர்கள், பக்கத்துச் சர்க்கரை ஆலை, கல்வி நிறுவனம் என யாரும் அந்தப் பங்கைக் கட்டலாம். அது ஊருக்குப் பொதுவான சொத்தாக இருக்க வேண்டும்.

நூறு நாள் வேலைத் திட்டத்தில் கூலிக்கு 60, பொருளுக்கு 40 என்ற விகிதம் இருந்தது, ஒப்பந்ததாரர் கூடாது. அதனால் மண் கொட்டி உயர்த்துவது, சரளை, ஓர வடிகால் போன்றவற்றுக்குத்தான் அது ஒத்துவந்தது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் இதற்குப் பதிலாக வேறு சட்டம் நிறைவேற்றியிருக்கிறது. ஒன்றிய அலுவலகத்தில் நடப்பு விதியைக் கேட்ட பிறகே இந்தப் பணத்தைக் கணக்கில் சேருங்கள்.

இவ்வளவுக்கும் முன்னால் ஒன்றை விசாரியுங்கள்: உங்கள் சாலை பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்திலோ, 2023-இல் அறிவிக்கப்பட்ட முதல்வரின் கிராமச் சாலைகள் மேம்பாட்டுத் திட்டத்திலோ ஏற்கெனவே இருக்கிறதா? 4,000 கோடி ரூபாயில் 10,000 கிலோமீட்டர் என்று தொடங்கிய திட்டம் அது. அதில் பெயர் இருந்தால் ஊராட்சிப் பணத்தைச் செலவழிக்கத் தேவையில்லை. சிறுபாலத்தையோ வடிகாலையோ மட்டும் கூட்டு நிதியில் செய்துகொள்ளலாம்.

படி 4: பங்கைப் பிரியுங்கள்

நீளத்தை வைத்துப் பிரிப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். பார்க்க நியாயம் மாதிரி இருக்கும், பெரும்பாலும் நியாயமாக இருக்காது. சாலையின் பெரும்பகுதி ஏழை ஊராட்சியில் ஓடும், அதில் போகிறவர்கள் பக்கத்து ஊர்க்காரர்களாக இருப்பார்கள். ஆகவே மூன்று கேள்விகளைச் சேர்த்து வையுங்கள்: யார் எல்லையில் எவ்வளவு நீளம், யாருக்கு உபயோகம் அதிகம், யாரிடம் பணம் இருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு. எண்கள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. சாலை 1.6 கிலோமீட்டர். மேற்கு ஊராட்சியில் 600 மீட்டர், கிழக்கு ஊராட்சியில் 1 கிலோமீட்டர், எல்லையில் ஒரு சிறுபாலம். கிலோமீட்டருக்கு 40 லட்சம் என்றால் சாலைக்கு 64 லட்சம், சிறுபாலத்துக்கு 16 லட்சம், மொத்தம் 80 லட்சம். நீளப்படி மேற்குக்கு 24, கிழக்குக்கு 40. எல்லையில் உள்ள பாலத்தை ஆளுக்குப் பாதி என்று வைத்தால் மேற்கு 32, கிழக்கு 48. விகிதம் 2:3.

இரண்டு ஊராட்சிகளாலும் இவ்வளவு முடியாது. ஒன்றியக் குழுவிடம் கேட்டு 30 லட்சம், சட்டமன்ற உறுப்பினர் நிதியில் பாலமும் அதை ஒட்டிய கொஞ்ச தூரமும் சேர்த்து 20 லட்சம் என்று வந்தால், மீதி 30 லட்சம். அதை 2:3 என்று பிரித்தால் மேற்கு 12, கிழக்கு 18. கிழக்கு ஊராட்சி 18 கட்ட முடியாத நிலையில் இருந்து, மேற்கு ஊர்ப் பிள்ளைகள் கிழக்கில் உள்ள பள்ளிக்குத்தான் போகிறார்கள் என்றால், ஆளுக்கு 15 என்று பேசி முடிப்பது நல்ல தீர்வு. இந்தப் பேச்சை இரண்டு ஊர்ப் பெரியவர்களையும் வைத்துப் பேசுங்கள். தலைவர்கள் மட்டும் உட்கார்ந்து பேசினது அடுத்த தேர்தலோடு போய்விடும்.

இங்கேயே இன்னொன்றையும் பேசிவிட வேண்டும். டெண்டரில் தொகை கூடினால் என்ன செய்வது? மொத்தம் 84 லட்சமாகிவிட்டால் கூடுதல் 4 லட்சம் யார் தலையில்? தொகுதி நிதி ஒதுக்கினது ஒதுக்கினதுதான், அந்தத் தொகை ஏறாது. ஆகவே கூடுதலும் 2:3 விகிதத்தில் ஊராட்சிகளுக்கே என்று எழுதி, ஒவ்வொருவருக்கும் உச்ச வரம்பும் போடுங்கள். மிச்சமானாலும் அதே விகிதத்தில் திரும்பி வரட்டும்.

படி 5: தீர்மானம்

கிராமசபை ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இரண்டு ஊராட்சிகளும் ஒரே நாளில், ஒரே வாசகத்தில் தீர்மானம் போடுவது மிக நல்லது. ஒரு சொல் மாறினாலும் பிறகு கோப்பு அங்கேயும் இங்கேயும் அலையும். மேற்கு ஊராட்சியின் வாசகம் இப்படி இருக்கலாம், கிழக்கின் தீர்மானத்தில் பங்குத் தொகை, வரம்பு, நீளம் மட்டும் மாறும்:

“மேற்கு ஊராட்சி ஓடை முதல் கிழக்கு ஊராட்சி பள்ளி வரையுள்ள 1.6 கி.மீ. சாலையை இரு ஊராட்சிகளும் ஊராட்சி ஒன்றியமும் சேர்ந்து தார்ச்சாலையாக மேம்படுத்துவது என்றும், அனைத்து வரிகளும் உட்பட மதிப்பீடு ரூ.80 லட்சத்தில் இந்த ஊராட்சியின் பங்கு ரூ.12 லட்சத்தைப் பொதுநிதியிலிருந்து, தொழில்நுட்ப ஒப்புதல் கிடைத்த 30 நாளுக்குள் வேலை செய்யும் ஒன்றியத்தின் கணக்கில் செலுத்துவது என்றும், தொகை கூடினால் ரூ.2 லட்சம் வரை விகிதப்படி ஏற்பது என்றும், வேலை முடிந்தபின் தன் எல்லையில் உள்ள 600 மீட்டரைப் பராமரிப்பது என்றும் தீர்மானிக்கப்பட்டது.”

பெயர், நீளம், தொகை, எந்த நிதி, எந்தக் கணக்கு, எத்தனை நாள், கூடினால் என்ன, பராமரிப்பு யார்: எல்லாம் ஒரே தீர்மானத்தில் வந்துவிட்டது. அதன்பிறகு ஊராட்சி மன்றத்திலும் அதே தீர்மானத்தை நிறைவேற்றி, வேலையைக் கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் சேர்த்து, மின்-கிராம் ஸ்வராஜ் தளத்தில் ஏற்றுங்கள். அதில் இல்லாத வேலைக்கு மத்திய நிதிக்குழுப் பணம் எடுக்க முடியாது. பல மாவட்டங்களில் 2025 ஜனவரியோடு ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாத இடத்தில் தனி அலுவலரின் ஒப்புதல் வேண்டும். அப்போதும் கிராமசபைத் தீர்மானத்தை விட்டுவிடாதீர்கள்.

படி 6: மதிப்பீடும் ஒப்புதலும்

ஒன்றியப் பொறியாளரும் ஓவர்சியரும் வந்து அளந்து எஸ்டிமேட் போடுவார்கள். கூட இருங்கள். மழை பெய்தால் தண்ணீர் எங்கே நிற்கும் என்பது ஊர்க்காரர்களுக்குத்தான் தெரியும். அந்த இடத்தில் குழாய்ப்பாலம் வேண்டுமென்று அன்றே சொல்லிவிட வேண்டும், பிறகு சேர்க்க முடியாது.

பங்குப் பணம் பற்றாமல் போவதற்கு மூன்று காரணங்களைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஒன்று, ஜிஎஸ்டியை விட்டுவிட்டுக் கணக்குப் போடுவது. 2022 ஜூலை முதல் அரசு, உள்ளாட்சிச் சாலைப் பணிகளுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். 80 லட்சம் என்று வாயில் சொல்வது வரியோடா, வரியில்லாமலா என்று கேளுங்கள். இரண்டு, கட்டுமானத் தொழிலாளர் நல நிதி 1 சதவீதம். மூன்று, போன ஆண்டு விலைப்பட்டியலில் போட்ட பழைய எஸ்டிமேட்.

ஒரே சாலையில் பல நிதி கலக்கும்போது எஸ்டிமேட்டுக்குள்ளேயே எல்லாவற்றையும் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். 0/000 முதல் 0/300 வரை (கிலோமீட்டர்/மீட்டர்) மேற்கு ஊராட்சி நிதி, அதற்கு மேல் இன்ன தூரம் ஒன்றிய நிதி, சிறுபாலம் தொகுதி நிதி என்று மீட்டர் கணக்கில் பிரிந்திருக்க வேண்டும். ஒரே மீட்டருக்கு இரண்டு திட்டத்தில் பில் போட்டதாகத் தணிக்கைத் தடை வந்தால், நேர்மையாக வேலை செய்தவர்களும் ஆண்டுக்கணக்கில் பதில் எழுதிக்கொண்டிருக்க வேண்டும். பிரித்துக் காட்டினால் ஒவ்வொரு நிதிக்கும் பயனீட்டுச் சான்று, அதாவது பணம் உரிய வேலைக்கே செலவானது என்ற சான்று, கொடுப்பதும் சுலபம்.

எஸ்டிமேட்டுக்கு நிர்வாக ஒப்புதலும் (வேலைக்கும் செலவுக்கும் சம்மதம்) தொழில்நுட்ப ஒப்புதலும் (எஸ்டிமேட் சரி என்று பொறியாளரின் சம்மதம்) தனித்தனியாக வாங்க வேண்டும். தொகையைப் பொறுத்து யார் கையெழுத்துப் போடுவது என்பது மாறும்.

படி 7: பணம் முதலில், டெண்டர் பிறகு

இந்த ஒரு படியில் மட்டும் யாருக்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள். எல்லாப் பங்கும் வேலை செய்யும் அமைப்பின் கணக்கில் வந்து சேரும் வரை டெண்டர் விடக்கூடாது. அலுவலகத்தில் இதை டெபாசிட் ஒர்க் என்பார்கள். “நீங்க ஆரம்பிங்க, நாங்க அடுத்த மாசம் கட்டிடறோம்” என்கிற பேச்சை நம்பி ஆரம்பித்தால் ஜல்லி பரப்பினதோடு வேலை நிற்கும். ஒப்பந்ததாரர் மெஷினை எடுத்துக்கொண்டு போய்விடுவார். ஒரு மழைக்காலம் போனால் பரப்பின ஜல்லியும் போகும், அடுத்த எஸ்டிமேட் இன்னும் கூடும்.

ஊராட்சிக் கணக்கிலிருந்து பணம் வெளியே போகத் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து ஒப்புதல் தர வேண்டும். இருவருக்கும் ஒத்துப்போகாத ஊர்களில் இங்கேதான் தடங்கல் வரும். தீர்மானத்தில் தேதியும் தொகையும் எழுதியிருந்தால் அதைக் காட்டிக் கேட்கலாம். கட்டின பணத்துக்கு ரசீது வாங்கி இரண்டு ஊராட்சி அறிவிப்புப் பலகைகளிலும் ஒட்டுங்கள். பக்கத்து ஊர் கட்டிவிட்டது என்று தெரிந்தால் நம் ஊரும் கட்டும்.

படி 8: டெண்டரும் வேலையும்

1998-ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் கூட்டு வேலைக்கும் பொருந்தும். வேலையைத் துண்டு துண்டாக்கி ஆளுக்கொரு ஒப்பந்ததாரரிடம் கொடுக்காமல், நிதி பிரிந்திருந்தாலும் ஒரே டெண்டராக விடச் சொல்லுங்கள். இரண்டு பேர் போட்ட தார் சேருகிற இடத்தில்தான் முதல் குழி விழும்.

வேலை நடக்கும்போது இரண்டு ஊராட்சியிலிருந்தும் ஆளுக்கு இருவர் தினமும் போய்ப் பார்க்கட்டும். தார் போடும் முன் ஜல்லித் தளம் சுத்தமாகத் தூசி தட்டியிருக்கிறதா, கலவை சூடாக வந்து இறங்குகிறதா, நடு மேடாகவும் ஓரம் சரிவாகவும் இருக்கிறதா என்று பார்க்கப் பொறியியல் படிக்க வேண்டியதில்லை. எஸ்டிமேட்டில் 20 மில்லிமீட்டர் கனம் என்றிருந்தால், பொறியாளர் தளத்தை வெட்டி அளக்கும்போது எல்லைக்கு இந்தப்பக்கம் ஓர் இடம், அந்தப்பக்கம் ஓர் இடம் என்று கேட்டு அளக்கச் சொல்லுங்கள். அளவுப் புத்தகத்தில், அதுதான் எம் புக், எழுதினதும் நீங்கள் பார்த்ததும் ஒன்றாக இருக்க வேண்டும். குறை இருந்தால் பில் பாஸ் ஆவதற்கு முன் எழுத்தில் கொடுங்கள்.

நகரத்தை ஒட்டிய சாலையானால்

ஒரு பக்கம் ஊராட்சி, இன்னொரு பக்கம் நகராட்சியோ மாநகராட்சியோ என்றால் துறையே வேறு. ஊராட்சி ஊரக வளர்ச்சித் துறையின் கீழ், நகராட்சி நகராட்சி நிர்வாகத் துறையின் கீழ். பொதுவாக இருப்பவர் மாவட்ட ஆட்சியர்தான். அவரிடம் கூட்டுக் கூட்டம் கேட்டு, பெரிய பொறியியல் பிரிவு உள்ள நகராட்சியையே வேலை செய்யச் சொல்வது நல்லது. நகர அமைப்புகளுக்குக் கடன் வாங்கும் வழியும் இருக்கிறது. மதுரை மாநகராட்சி சுமார் 27 கிலோமீட்டர் உள்வட்டச் சாலையைக் கடனில் போட்டு, சுங்கம் வசூலித்து, 2001-இல் கடன் பத்திரமும் வெளியிட்டது. தமிழ்நாட்டின் சிறிய நகராட்சிகளும் பேரூராட்சிகளும் குடிநீர், சுகாதாரப் பணிகளுக்காக 2002-இல் ஒன்றுசேர்ந்து சந்தையில் நிதி திரட்டின. தனியாகப் போனால் யாரும் கடன் கொடுத்திருக்க மாட்டார்கள். ஊராட்சிச் சாலைக்கு இந்த அளவு தேவைப்படாது. ஆனால் ஊராட்சி தன் பங்கைக் கட்டத் தயாராக இருந்தால், நகராட்சி தன் பெரிய சாலைத் திட்டத்தில் அந்த அரைக் கிலோமீட்டரைச் சேர்த்துக்கொள்வது நடக்கக்கூடியதுதான்.

படி 9: பராமரிப்புக் கணக்கு

பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தில் ஐந்து ஆண்டுகள் ஒப்பந்ததாரரே சாலையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். உங்கள் கூட்டுச் சாலைக்கு எத்தனை ஆண்டு என்பது டெண்டர் ஆவணத்தில் இருக்கும், அந்தப் பக்கத்தை நகலெடுத்து இரண்டு ஊராட்சிகளிலும் வையுங்கள். அந்தக் காலம் முடிவதற்குள் விழுந்த குழியை ஊராட்சிப் பணத்தில் அடைக்காதீர்கள், ஒப்பந்ததாரரைக் கூப்பிடச் சொல்லி ஒன்றியத்துக்கு எழுதுங்கள். அதற்காகத்தான் அவருடைய பில்லில் காப்புத் தொகை பிடித்து வைத்திருக்கிறார்கள்.

சிறுபாலத்தின் அடைப்பை எடுப்பது, ஓரத்து முள்செடியை வெட்டுவது, மண் ஓரம் கரைந்த இடத்தில் சரளை போடுவது ஆகியவற்றை ஒவ்வோர் ஊராட்சியும் தன் எல்லையில் பார்த்துக்கொள்ளும். எல்லையில் இருக்கும் பாலத்தை மட்டும் ஓர் ஆண்டு இவர்கள், மறு ஆண்டு அவர்கள் என்று முறை வைத்துக்கொள்ளுங்கள். காப்புத் தொகையைத் திருப்பிக் கொடுக்கும் நாளுக்கு முன்னால், முடிந்தால் ஒரு வடகிழக்குப் பருவமழை கழிந்த கையோடு, இரண்டு ஊராட்சிகளும் பொறியாளரும் சேர்ந்து சாலையை ஒரு தரம் நடந்து பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். அதன்பிறகு ஒப்பந்ததாரருக்குத் தொகையை விடுவிக்கச் சொல்லலாம்.